முந்தின வீட்டை ஏன் காலி பண்றீங்க?

ஜனவரி 6

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

ஒப்பந்தத்தோட நகல் ஒண்ணு இதோட வெச்சிருக்கேன். பத்திரமா வைங்க. கையெழுத்துப் போடற அன்னைக்கு ஏழாவது நிபந்தனையைப் படிச்சிட்டு என்னை ஒரு மாதிரி பாத்தீங்க. புரோக்கர் வேற வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். குடிவர்றவங்க மாசம் ஒரு தடவை வீட்டைப் பத்தி வீட்டுக்காரிக்குக் கடிதம் எழுதணும்னு எந்த ஒப்பந்தத்துலயும் அவன் பாத்ததில்லையாம். பாத்திருக்க மாட்டான்.

காரணம் சொல்றேன். போன்ல கேட்டா எல்லாரும் "எல்லாம் நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லி வெச்சிடறாங்க. ஒரு மனுஷன் வருஷம் பூரா அப்படித்தான் சொன்னார். நேர்ல போய்ப் பாத்தா குளியலறைச் சுவர் ஊறிப்போய், விரலை வெச்சா உள்ள போகுது. எழுதணும்னு உக்காந்தா என்ன எழுதறதுன்னு தெரியாம சுத்திமுத்திப் பாப்போமில்ல, அப்போ சுவர் கண்ல படும். அதுக்குத்தான். நான் இருக்கறது பையன் வீட்ல, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயில்ல வரணும். நினைச்சப்போ ஓடி வந்து பாக்க முடியாது.

நலமான்னு நான் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க. நலம்னுதான் ரெண்டு பேரும் எழுதுவோம். குழாய், கூரை, சுவர், மோட்டார் எப்படி இருக்குன்னு எழுதினா போதும்.

பின்பக்க ரூம் வாடகையில சேராது. என் சாமான் கொஞ்சம் கிடக்கு. அதுக்குச் சாவி ரெண்டு, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் சன்னலைத் திறந்து காத்தோட்டமா வெச்சிட்டு மூடிடுங்க. வெயில் கட்டில் வரைக்கும் வருதான்னு பாத்து எழுதுங்க. பக்கத்து மனையில மாடி எழுப்பறதாக் கேள்விப்பட்டேன், அதனாலதான் கேக்கறேன்.

இன்னொண்ணு. முந்தின வீட்டை ஏன் காலி பண்றீங்கன்னு கேட்டப்போ, ஆஸ்பத்திரிக்குப் பக்கமா இருக்கணும்னு சொன்னீங்க. நானும் பஸ் ரூட்டை விசாரிச்சேன். முந்தின வீடுதான் ஆஸ்பத்திரிக்குப் பக்கம். போகட்டும், வாடகை ஒழுங்கா வந்தா எனக்கென்ன.

வீட்டுக்காரி


பிப்ரவரி 5

வீட்டுக்காரம்மாவுக்கு,

கடைசியா யாருக்குக் கடிதம் எழுதினேன்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல. லீவு லெட்டர் கணக்குல வராது இல்லையா. நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே படம் எடுக்கறவ, ரிப்போர்ட் எழுதறது டாக்டர். அதனால பாத்ததை மட்டும் எழுதறேன், என்ன வியாதின்னு நீங்க சொல்லுங்க.

சமையலறைக் குழாய் சொட்டுது. கீழ துணி போட்டு வெச்சிருக்கேன், இல்லேன்னா சத்தம் ரூம் வரைக்கும் கேக்குது. மோட்டார் போட்டதும் கொஞ்ச நேரம் முனகிட்டுத்தான் ஓடுது. கூரை காஞ்சிருக்கு. முன் ரூம் சன்னலுக்கு மேல முடி மாதிரி ஒரு விரிசல். விரிசலைப் பாத்தா எனக்குச் சும்மா இருக்க முடியாது, தொழில் புத்தி. அது முடியற இடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். கோட்டைத் தாண்டினா எழுதறேன்.

பின்பக்க ரூமைத் திறந்தேன். வெயில் கட்டில்ல பாதி வரைக்கும் வருது. மன்னிக்கணும், அந்த வெயில்ல கொஞ்ச நேரம் கட்டில்ல உக்காந்துட்டேன்.

வீட்டைப் பத்தி இவ்வளவுதான். பக்கம் மிச்சம் இருக்கறதால ஒண்ணு கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. மே மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட். கையில மொத்தமா ஒரு பணம் வரும். தம்பி பாங்க்ல போடுன்னு சொல்றான். கூட வேலை பாக்கறவங்க, ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடு, கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காரலாம்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க இதுலயே இருந்தவங்கன்னு புரோக்கர் சொன்னார். வாங்கலாமா, வாங்கினா எதைப் பாத்து வாங்கணும்?

ரொம்ப எழுதிட்டேன் போல. வேலையில நான் பேசறது மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க, விடுங்க, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா அதுவும் கிடையாது.

உங்கள் வீட்டில் குடியிருக்கும்,
எக்ஸ்ரே அம்மா (நீங்க வெச்ச பேர் நல்லாத்தான் இருக்கு)


பிப்ரவரி 16

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

குழாய்க்கு வாஷர் போச்சு. எதிர் வீட்டு டிரைவர்கிட்ட சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை. விரிசலுக்குப் பென்சில் கோடு போட்டீங்க பாருங்க, இத்தனை வருஷத்துல என் வீட்ல இருந்த ஒருத்தருக்கும் அது தோணினதில்ல.

உங்க கேள்விக்கு வர்றேன். என் வீட்டுக்காரர் ரயில்வே கார்டு. மாசத்துல பாதி நாள் ரயில்லதான் குடித்தனம். கையில கொஞ்சம் சேந்ததும் ஊரே நகை வாங்குன்னு சொல்லுச்சு. நான் ஒழுகற கூரையோட ஒரு பழைய வீட்டை வாங்கினேன். அவர் தலையில கையை வெச்சுக்கிட்டார். ஆனா அது பஸ் டிப்போவுக்குப் பின்னாடி இருந்துச்சு. விடியக்காலை டூட்டிக்குப் போற கண்டக்டரும் டிரைவரும் வரிசையா வந்தாங்க. ஒருத்தர் காலி பண்ணா அடுத்தவர் படுக்கையோட வாசல்ல நிப்பார். அதை வெச்சு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. பையன் படிப்புக்கு ஒண்ணு போச்சு, அவர் வைத்தியத்துக்கு ஒண்ணு போச்சு. மிச்சம் நீங்க இருக்கற வீடு.

அதனால முதல்ல இதை மனசுல ஏத்திக்கோங்க. அந்த வீட்ல குடியிருக்கப் போறது நீங்க இல்ல. யார் வருவா, எங்க வேலை, எந்த பஸ்ல போவா, அவங்க கண்ணால பாருங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கல.

வருஷத்துக்குப் பன்னெண்டு மாச வாடகைன்னு புரோக்கர் கணக்குப் போடுவான். நீங்க பத்துன்னு போடுங்க. ஒரு மாசம் ஆள் இல்லாம கிடக்கும், ஒரு மாச வாடகையை வீடே பெயின்ட், பைப்புன்னு தின்னுடும். பத்து மாசக் கணக்குலயும் பாங்க் வட்டியை விட மேல நின்னா வாங்குங்க. நிக்கலேன்னா தம்பி சொன்ன மாதிரி பாங்க்ல போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க. எதுவானாலும் ஒரு வருஷச் செலவுக்குக் காசைத் தனியா எடுத்து வெச்சிட்டு மிச்சத்துலதான் வாங்கணும். தனியா இருக்கற பொம்பள மொத்தத்தையும் சுவருக்குள்ள வெச்சுப் பூசிட்டா, உடம்புக்கு வந்தா சுவரை இடிச்சா மருந்து வாங்க முடியும்?

பகல்ல போய்ப் பாத்தா எல்லா வீடும் லட்சணமாத்தான் இருக்கும். தண்ணி விடற நேரத்துல போங்க. ஒரு மழைக்குப் போங்க. அப்புறம் விளக்கு வைக்கற நேரத்துல போய்க் கீழ நின்னு எத்தனை சன்னல்ல வெளிச்சம் இருக்குன்னு பாருங்க. பாதிக்கு மேல இருட்டா இருந்தா, உங்களை மாதிரியே வாடகைக்கு விடலாம்னு வாங்கிட்டு ஆள் கிடைக்காம உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். வில்லங்கம் பாக்க நீங்களா ஒரு வக்கீலைப் பிடிங்க, புரோக்கர் கூட்டிட்டு வர்ற வக்கீல் வேண்டவே வேண்டாம். சொந்தக்காரங்களுக்கு வாடகைக்கு விடாதீங்க, வீடும் போகும் சொந்தமும் போகும்.

விக்கறவங்ககிட்ட ஏன் விக்கறீங்கன்னு கேளுங்க. குடிவர்றவங்ககிட்ட முந்தின வீட்டை ஏன் காலி பண்றீங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. முதல்ல வர்ற பதில் வீட்லயே பழகிட்டு வந்தது. நாம பேசாம இருந்தா அவங்களுக்கு இருப்புக் கொள்ளாது, ரெண்டாவதா ஒரு பதில் சொல்வாங்க. அதுதான் நிஜம். உங்ககிட்ட நான் அப்படிப் பேசாம இருந்து பாத்தேன். நீங்களும் பேசாம இருந்துட்டீங்க. என் அனுபவத்துல முதல் தடவை.

கட்டில்ல உக்காந்ததுக்கு மன்னிப்பு எதுக்கு, அது ஒண்ணும் கண்ணாடி இல்ல.

வீட்டுக்காரி


மார்ச் 7

வீட்டுக்காரம்மாவுக்கு,

குழாய் சரியாயிடுச்சு. டிரைவர் காசு வாங்க மாட்டேன்னுட்டார், டீ மட்டும் குடிச்சார். மோட்டார் அதே முனகல். விரிசல் கோட்டைத் தாண்டல. கூரையில பூனை ஓடுது, அது கூரையோட தப்பு இல்ல.

அஞ்சாறு ஃப்ளாட் பாத்துட்டேன். ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. புதுக் கட்டடம், நாலாவது மாடி. பால்கனியில இருந்து பாத்தா ஒரு பள்ளிக்கூட மைதானம். சாயங்காலம் பிள்ளைங்க கத்தற சத்தம் மேல வரைக்கும் வருது. ரெண்டு நாற்காலி தாராளமாப் போடலாம். ரெண்டே ரெண்டு ஃப்ளாட்தான் மிச்சம், இந்த மாசக் கடைசிக்குள்ள அட்வான்ஸ் கொடுத்துடணும்னு புரோக்கர் சொல்றார். பத்து மாசக் கணக்குப் போட்டுப் பாத்தேன், பாங்க் வட்டிக்குக் கொஞ்சம் கீழதான் வருது. ஆனா போகப் போக வாடகை ஏறும்தானே. நீங்க சரின்னு சொன்னா கொடுத்துடலாம்னு இருக்கேன். ரொம்பப் பிடிச்சிருக்கு.

பின்பக்க ரூம்ல வெயில் இந்த மாசம் தலையணை வரைக்கும் வந்துடுச்சு. ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. காலியாக் கிடக்கற ரூம் காசைத் தின்னும்னு சொல்றீங்க. அப்போ இந்த ரூமை மட்டும் ஏன் பூட்டியே வெச்சிருக்கீங்க? நர்ஸ் பிள்ளைங்க யாராவது ஓடி வருவாங்களே. சும்மாதான் கேட்டேன்.

எக்ஸ்ரே அம்மா


மார்ச் 14

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

இவ்வளவு தூரம் மெனக்கெட்டு எழுதினேனே, அதுல ஒரு வரியாவது தலையில ஏறுச்சா? மைதானமாம், பிள்ளைங்க சத்தமாம். காலையில ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுக்கற குடித்தனக்காரன் அந்தச் சத்தத்துக்கு உங்களைத் திட்டுவான். ரெண்டே ரெண்டு மிச்சம்னு சொல்லாத புரோக்கர் உலகத்துல இல்ல. போகப் போக வாடகை ஏறும்னா போகப் போகக் கட்டடமும் பழசாகும்.

பால்கனியில ரெண்டு நாற்காலின்னு எழுதியிருக்கீங்க. வாடகைக்கு விடற வீட்ல உங்க நாற்காலிக்கு என்ன வேலை? அதுலயும் ரெண்டாவது நாற்காலி யாருக்கு? யார் வந்து உக்காரப் போறா உங்க பக்கத்துல? நீங்க தேடறது முதலீடு இல்ல. துணை. அது எந்தக் கட்டடத்துலயும் விலைக்குக் கிடைக்காது.

பின்பக்க ரூம் விஷயம் ஒப்பந்தத்துல தெளிவா எழுதியிருக்கு. அதுக்கு மேல கேள்வி வேண்டாம்.

வீட்டுக்காரி


ஏப்ரல் 11

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

வாடகை வந்துச்சு, கடிதம் வரல. ஏழாவது நிபந்தனையை மீறினதா இதை எழுத்து மூலமாத் தெரிவிக்கறேன்.

இப்படித்தான் ஆரம்பிச்சு எழுதி முடிச்சிடலாம்னு நினைச்சேன். முடியல.

தபால் பெட்டி இங்க கீழ்த்தளத்துல இருக்கு. பதினோராவது மாடியில இருந்து லிஃப்ட்ல இறங்கிப் பாத்துட்டு ஏறறது என் தினசரி வேலை. "என்னம்மா, லாட்டரி ஏதாவது வரணுமா?"ன்னு வாட்ச்மேன் கேக்கறான். அஞ்சாம் தேதியில இருந்து பாக்கறேன். எட்டாம் தேதி போன் பண்ணேன், நீங்க எடுக்கல. மறுபடி பண்ணேன், எடுக்கல. அப்புறம்தான் டிரைவரைக் கூப்பிட்டுப் போய்க் கதவைத் தட்டச் சொன்னேன். நீங்க திறந்தீங்களாம், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுச் சாத்திட்டீங்களாம். முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "முகம் மாதிரிதாம்மா இருந்துச்சு"ங்கறார். அவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண.

அந்த நாற்காலி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. இங்க எனக்கு ஹால்ல ஒரு சோஃபா. மூணு பேர் உக்காரலாம். பகல் பூரா நான் ஒருத்தி உக்காந்திருக்கேன். அதுல உக்காந்துக்கிட்டுத்தான் உங்களுக்கு அப்படி எழுதினேன்.

வீட்டைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம். உடம்பு நல்லா இருக்கான்னு ஒரு வரி போடுங்க.

வீட்டுக்காரி


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

இனிமே இப்படித்தான் கூப்பிடப் போறேன். பிடிக்கலேன்னா ஒப்பந்தத்துல சேத்துடுங்க.

உடம்பு நல்லா இருக்கு. கோபம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். உங்க கடிதத்தைப் படிச்சிட்டுப் பால்கனியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு கிடந்தேன். டிரைவர் வந்து தட்டினப்போ யாரோ வீடு மாறி வந்துட்டாங்கன்னுதான் கதவைத் திறந்தேன். "வீட்டுக்காரம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்க, லெட்டர் வரலையாம்"னு சொன்னார். நல்லா இருக்கேன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டு, சமையலறையில போய் நின்னு அழுதேன். ஏன்னு சொல்றேன். நீங்க ஜனவரியில கேட்ட கேள்விக்கு ரெண்டாவது பதில் இது.

முந்தின வீடு என் தம்பி வீட்டு மாடி. எங்க அப்பா கட்டினது, எனக்கும் பங்கு உண்டு. கீழ தம்பி, அவன் பெண்டாட்டி, பிள்ளைங்க. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. எழுந்து தண்ணி எடுக்கவே முடியல. கீழ டிவி ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அவங்க சிரிக்கறது கேட்டுச்சு. யாராவது மாடி ஏறுவாங்கன்னு படியில காலடி கேக்குதான்னு காதை வெச்சுக்கிட்டுக் கிடந்தேன். போன் தலைமாட்டுலதான் இருந்துச்சு. பண்ணியிருக்கலாம். என்னவோ, அவங்களாத் தெரிஞ்சு வரட்டும்னு ஒரு வீம்பு. காய்ச்சல் விட்டு நாலாம் நாள் வேலைக்கு இறங்கறேன், தம்பி பெண்டாட்டி வாசல்ல நின்னுக்கிட்டு, "என்ன அண்ணி, லீவா? மேல சத்தமே இல்லையே"ன்னு சிரிச்சா. நல்ல பிள்ளைதான். அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த வாரமே வீடு தேட ஆரம்பிச்சேன். அங்க கீழயே ஆள் இருந்தாங்க. இங்க ஒரு பகல் ஒரு ராத்திரி தூரத்துல இருந்து ஒருத்தங்க ஆள் அனுப்பிக் கதவைத் தட்டறாங்க.

அந்த ஃப்ளாட்டுக்கு விளக்கு வைக்கற நேரத்துல போய் நின்னு பாத்தேன். கட்டடம் பூரா இருட்டு, நாலஞ்சு சன்னல்லதான் வெளிச்சம். அட்வான்ஸ் கொடுக்கல. நீங்க சொன்னது சரி. நான் துணையைத்தான் தேடியிருக்கேன்.

மோட்டார் முனகுது. மத்ததெல்லாம் சரி.

எக்ஸ்ரே


மே 9

எக்ஸ்ரேக்கு,

உன்னை இனிமே நீன்னுதான் எழுதுவேன். தங்கச்சிக்கு நீங்க போட்டா நல்லாவா இருக்கும்.

கெட்ட விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். வீட்டை விக்கறோம். ஏன்னு நீ கேப்பே. பையனும் மருமகளும் இப்போ இருக்கற ஃப்ளாட்டை மாத்திட்டு இன்னும் ஒரு ரூம் அதிகமா இருக்கற ஃப்ளாட்டுக்குப் போகணும்னு இருக்காங்க. அந்த ரூம் எனக்குத்தான். அம்மா எத்தனை நாள் ஹால்ல படுப்பாங்கன்னு அவனுக்கு வருத்தம். எனக்கு ஒரு ரூம் வேணும்னு என் வீட்டை விக்கறோம். இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல, நான் மட்டும் கொஞ்சம் சிரிச்சேன். தூரத்துல வீட்டை வெச்சுக்கிட்டு வயசான காலத்துல அல்லாடக் கூடாது, விக்கறதுதான் புத்திசாலித்தனம்னு நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். சரின்னுட்டேன்.

வீடு பாக்க ஆள் வருவாங்க. கதவைத் திறந்து காட்டு. விரிசலை மறைக்காதே, மோட்டார் முனகறதையும் சொல்லிடு. நவம்பர் வரைக்கும் உனக்கு ஒப்பந்தம் இருக்கு, அதை எழுதிக் கொடுத்துத்தான் விப்பேன். அதுக்குள்ள உனக்கு வேற நல்ல வீடாப் பாத்து வைக்கறேன்.

பின்பக்க ரூமையும் காட்டணும். சாமான் கிடக்கு, ஒதுங்கி நின்னு பாக்கச் சொல்லு.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

மூணு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தர் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வெச்சுக் கேட்டார், டாக்டர் தோத்தார் போங்க. ஒரு அம்மா சமையலறையில நின்னுக்கிட்டு இது ரொம்பச் சின்னதுன்னு மூக்கைச் சுளிச்சாங்க. மூணாவது ஆள் டேப் கொண்டு வந்து பின்பக்க ரூமை அளந்தார். எதுக்குன்னு கேட்டேன். இடிச்சிட்டு கார் நிறுத்தலாம்னு சொன்னார். அப்போ வெயில் சரியா உங்க கட்டில்ல இருந்துச்சு. அவர் டேப்பை அது மேல வெச்சார்.

போன மாசக் கடைசியில ரிட்டயர் ஆயிட்டேன். மாலை, பேச்சு, ஒரு சுவர்க் கடிகாரம். மறுநாள் காலையில எழுந்து குளிச்சு, சாப்பாடு கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். பஸ் வந்து நின்னதும்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து, கட்டின சாப்பாட்டை வீட்டுலயே பிரிச்சுச் சாப்பிட்டேன்.

அப்புறம் தம்பி வீட்டுக்குப் போய் என் பங்கைக் கேட்டேன். நேராவே கேட்டேன். அவன் மறுப்பு சொல்லல, கொடுத்துட்டான். இத்தனை நாள் நான்தான் கேக்கலையாம். அதுவும் ரிட்டயர்மென்ட் பணமும் சேத்து, ஒரு வருஷச் செலவுக்குத் தனியா எடுத்து வெச்சுப் பாத்தேன்.

உங்க வீட்டை நான் வாங்கறேன்.

நீங்க சொன்ன மாதிரி எல்லாம் பாத்துட்டேன். வெளிச்சம் பாத்தேன், இந்தத் தெருவுல எல்லா சன்னல்லயும் இருக்கு. தண்ணி வருது. அஞ்சு மாசமாக் குடியிருக்கேன், கோடை மழைக்கும் ஒழுகல. ஆனா பத்து மாசக் கணக்குல இந்த வீடு தேறவே தேறாது. முன்பக்கம் நானே இருக்கப் போறேன், வாடகைன்னு வரப்போறது ஒரே ஒரு ரூம். மோட்டார் மாத்தணும், ரெண்டு வருஷத்துல கூரைக்கு மேல்பூச்சு போடணும். அதுக்கெல்லாம் சேத்துப் புரோக்கர் சொல்ற விலையில குறைச்சுத்தான் கேப்பேன். யார்கிட்ட பாடம் படிச்சேன்னு உங்களுக்கே தெரியும்.

எக்ஸ்ரே


ஜூன் 21

எக்ஸ்ரேக்கு,

உனக்குப் புத்தி பிசகிடுச்சா? விக்கறவளா இருந்தா வாயை மூடிக்கிட்டு வித்துடணும். அக்கான்னு கூப்பிட்டுத் தொலைச்சுட்டியே, அதனால சொல்றேன். வாங்காதே. பழைய வீடு, இன்னும் என்னென்ன இழுத்து வைக்குமோ. நீயே தேறாதுன்னு எழுதிட்டு நீயே வாங்கறேங்கறே.

நாலு நாள் ஆறப் போட்டுட்டு அப்புறமும் வேணும்னு தோணினா, இது என் பதில். மோட்டாருக்குக் குறைச்சது நியாயம். கூரைக்குக் குறைச்சது அநியாயம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான் பூசினேன், அதுல பாதிதான் தருவேன். பையன் பக்கத்துல உக்காந்து என்னையே பாக்கறான். கார் நிறுத்தறேன்னவர் அதிகமாத் தர்றேன்னு சொல்லியும் நான் உன்கூட விலை பேசறது அவனுக்குப் புரியல. அந்த டேப் ஆளுக்கு விக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வீடு என் பேர்ல இருக்கு.

உனக்குன்னு ஒரு வக்கீலைப் பிடி. நானே விக்கறேன்னு வில்லங்கம் பாக்காம விட்டே, நேர்ல வந்து திட்டுவேன்.

முழங்கால் மோசமா இருக்கு, அவ்வளவு தூரம் ரயில்ல உக்கார முடியாது. பையன் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டேன், எனக்குப் பதிலா அவன் வந்து கையெழுத்துப் போடுவான். பின்பக்க ரூமை ஒழுங்கான ஆளாப் பாத்து விடு. என் சாமானை ஆள் வெச்சு எடுத்துக்கறேன்.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

பத்திரம் முடிஞ்சுது. வக்கீல் என் ஆள், வில்லங்கம் இல்ல. புது மோட்டார் போட்டாச்சு, சத்தமே இல்ல. பழகாததால ரெண்டு தடவை தொட்டி நிரம்பி வழிஞ்சுது.

உங்க பையன் வந்திருந்தார். உங்க மூக்கு அப்படியே. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். "நல்லா இருக்காங்க, புது வீட்டுக்குப் போனதும் அவங்களுக்குத் தனி ரூம்"னார். நான் ஒண்ணும் பேசாம டீ ஊத்திக்கிட்டு இருந்தேன். ரெண்டு வாய் குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வெச்சார். "அம்மா இப்போல்லாம் யாரையும் திட்டறதே இல்ல"ன்னார். அதைச் சொல்றப்போ சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். பின்பக்க ரூமைக் காட்டினேன். கட்டில்ல உக்காந்து சன்னலைப் பாத்தார். "அம்மா இதை யாருக்கும் விடல இல்ல?"ன்னு கேட்டார். யாருக்காக வெச்சிருந்தீங்கன்னு அவருக்கு அப்போதான் தெரிஞ்சுதுன்னு நினைக்கறேன். போறப்போ, சாமானை ஏத்த ஆள் வேண்டாம், இங்கயே இருக்கட்டும்னு அவராத்தான் சொன்னார்.

சரி, இனி தொழில். பின்பக்க ரூம் வாடகைக்கு விடப்படும். இதுவரைக்கும் வந்த நர்ஸ் பிள்ளைங்க ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். முழங்கால் மோசமா இருக்கறவங்களுக்கு முன்னுரிமை, படியே கிடையாது. சொந்தக்காரங்களுக்கு விடக் கூடாதுன்னு ஒரு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நமக்குள்ள சொந்தம் எதுவும் இல்ல, அதனால தடையில்ல. வாடகை உண்டு, இலவசம்னா நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும். ஒப்பந்தம் இதோட இருக்கு. உங்களுது மாதிரியேதான், ஏழாவது நிபந்தனையை மட்டும் எடுத்துட்டேன். ஒரே வீட்ல இருக்கறவங்களுக்குக் கடிதம் எதுக்கு.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வேணும். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்.

முந்தின வீட்டை ஏன் காலி பண்றீங்க?

எக்ஸ்ரே


ஆகஸ்ட் 19

வீட்டுக்காரம்மாவுக்கு,

கேட்டதுக்குப் பதில். முழங்கால் வலி. பதினோராவது மாடி. லிஃப்ட் அடிக்கடி நின்னு போகுது. இந்த ஊர்க் குளிர் உடம்புக்கு ஒத்துக்கல.

இதைப் படிச்சிட்டு நீ பேசாம இருப்பே. எனக்குத் தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில இருந்து ஒரு வார்த்தை பேசாம இருந்து பாத்தேன். யார் மேலயும் கோபம் இல்ல. உன் காய்ச்சல் கதையைப் படிச்சதுல இருந்தே மனசுல இருந்துச்சு, இங்க எப்படின்னு ஒரு தடவை பாத்துடலாம்னுதான். ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்க. எனக்குச் சாப்பாடு மூடி வெச்சிட்டு, மாத்திரையை எடுத்து மேசையில வெச்சிட்டுத்தான் போவாங்க. வர்றப்போ களைச்சுப் போய் வருவாங்க. "சாப்பிட்டியாம்மா?"ன்னான், தலையாட்டினேன். சனிக்கிழமை போச்சு. ஞாயிற்றுக்கிழமை மூணு பேரும் வீட்லதான் இருந்தோம், அதுவும் போச்சு. யாருக்கும் தெரியல.

திங்கக்கிழமை கீழ இறங்கினேன். "அம்மா, உங்களுக்கு லெட்டர் வந்திருக்கு"ன்னு வாட்ச்மேன் கொண்டு வந்து கொடுத்தான். "யார்கிட்ட இருந்துன்னு பாரு, கண்ணாடி எடுத்துட்டு வரல"ன்னு அவன்கிட்டதான் வாயைத் திறந்தேன். குரல் சரியா வரல. தண்ணி வேணுமான்னு கேட்டான்.

ராத்திரி பையன்கிட்ட ஒப்பந்தத்தைக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் படிச்சான். அப்புறம் கீழ் பெர்த்தா டிக்கெட் போட்டான். கூட வந்து விட்டுட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். அவனுக்கு நல்ல டீ போட்டுக் கொடு, ரெண்டு வாய் குடிச்சா உண்மை பேசறான்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். அடுத்த புதன்கிழமை காலையில வந்துடுவோம். பின்பக்க ரூம் சாவி என்கிட்ட ஒண்ணு இருக்கு. முன் கதவு உன்னுது. நான் தட்டறேன், நீ திற.

அக்கா